டால்பின் விளக்குத் தண்டு: ஒட்டில்தான் இருக்கிறது சங்கதி

கேள்வி: மஞ்சள் கண்ணாடியில் டால்பின் வடிவ மெழுகுவத்தித் தாங்கி ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். ‘சாண்ட்விச் கண்ணாடி, 1850’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. உண்மையா? மெழுகுவத்தி ஏற்றலாமா?

பதில்: சீட்டை நம்பாதீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சாண்ட்விச் ஊரில் டெமிங் ஜார்வ்ஸ் 1825இல் தொடங்கிய ஆலை 1888 வரை ஓடியது. ஆனால் டால்பினைப் பிட்ஸ்பர்க் ஆலைகளும் வார்த்தன. டால்பின் பழைய கிரேக்கக் கலையின் உரு; வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும்கூடக் கிரேக்கத் தூண் வைத்துக் கட்டிய காலம் அது. உருக்கிய கண்ணாடியை அச்சிலிட்டு அழுத்தும் முறை வந்ததும் அந்த ரசனை நடுத்தர வீட்டு மேசைக்கும் வந்து சேர்ந்தது.

முதலில் ஒட்டைப் பாருங்கள். மேல் கிண்ணத்தையும் பீடத்தோடு கூடிய டால்பினையும் தனித்தனியே வார்த்து, நடுவே சூடான கண்ணாடிச் சில்லு ஒன்றை வைத்து இணைத்தார்கள். டால்பின் வாலுக்கு மேலே, ஓரம் மழுங்கி, லேசாகப் பிதுங்கி நிற்கும் வட்டம்தான் அது. கையால் ஒட்டியது என்பதால் கிண்ணம் ஒரு நூல் சாய்ந்திருக்கலாம். ஜோடியில் உயரமும் சற்று மாறலாம். இதைக் குறையென்று நினைக்க வேண்டாம். சில்லே இல்லாமல் ஒரே வார்ப்பாக இருந்தால் அநேகமாகப் பிற்கால நகல். ஒட்டில் மெல்லிய கோடும் குமிழியும் தெரிந்தால் உடைந்து பசை போட்டது.

புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும். மஞ்சளுக்கு யுரேனியம் சேர்த்ததன் விளைவு. இதை வைத்து வயது சொல்ல முடியாது, இன்றும் யுரேனியக் கண்ணாடி செய்கிறார்கள். விரலால் சுண்டி ஓசை கேட்பதும் வீண்: இவ்வளவு தடித்த, ஒட்டுப்போட்ட பொருள் ஈயக் கண்ணாடியாக இருந்தாலும் கிண்ணென்று பாடாது. 10 மடங்கு லென்சில் அடிப்பக்கம் பாருங்கள். மேசையைத் தொடும் இடத்தில் மட்டும், நாலா திசையிலும் நுண்கீறல் இருந்தால் இயல்பான தேய்மானம். ஒரே திசையில் வரிவரியாக இருந்தால் உப்புத்தாள் வேலை.

ஏற்றலாம், ஆனால் மெழுகுவத்தியை அழுத்திச் செருகக் கூடாது. கிண்ணத்தின் விளிம்பு உடைந்து பெயர்வது அதனால்தான். பருமனாக இருந்தால் மெழுகுவத்தியின் அடியைச் சீவுங்கள். மின்விசிறிக் காற்றில் வைக்காமல், 5 செ.மீ. மிஞ்சும்போதே அணைத்துவிடுங்கள். சுடர் கிண்ணத்தை நெருங்கினால் ஒருபக்கம் மட்டும் சூடேறி விரிசல் விடும்.

ஒட்டிய மெழுகை எடுக்க ஃப்ரீசரில் வைக்கச் சொல்வார்கள். புதுக் கண்ணாடிக்குச் சரி; இதற்கு வேண்டாம். தடித்த பீடமும் மெல்லிய கிண்ணமும் ஒரே வேகத்தில் குளிர்வதில்லை, இழுவிசை ஒட்டில் போய் விழும். பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில் மெழுகு இளகும்வரை கிடத்தி, ஐஸ்குச்சியால் நெம்புங்கள். மிச்சப் பிசுக்குக்கு ஒயிட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சு. தூக்கும்போது கிண்ணத்தைப் பிடிக்காமல் பீடத்தைப் பிடியுங்கள். மின்விளக்காக மாற்றத் துளை போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், பாதி விலை அந்தத் துளையிலேயே போய்விடும்.