ரூட் கெனால் பண்ண பல்லுல திரும்ப சீழ், ஆபரேஷன் தேவையா?
கேப் போட்ட முன்பல்லுக்கு மேல ஈறுல திரும்பத் திரும்ப கொப்புளம் வருதுன்னு சொல்றீங்க, ஆன்டிபயாட்டிக் போட்டா அடங்கும், போகாது, கிருமி வேர் நுனிக்குள்ள இருக்கே. டாக்டர் சொன்ன ஏபிகோஎக்டமி, அதாவது வேர் நுனியை வெட்டி எடுக்கிற ஆபரேஷன், பேரு தான் பயமுறுத்துது. மரத்துப்போக ஊசி போட்டு ஈறைத் திறந்து, வேர் நுனியை ஒரு 3 மிமீ வெட்டி, சீழ் பிடிச்ச சதையை சுரண்டி எடுத்துட்டு, வெட்டின இடத்தை எம்டிஏ மாதிரி சிமெண்ட் வச்சு அடைச்சு தையல் போடுவாங்க. சில நாள் வீங்கும், எலும்பு நிரம்ப மாசக்கணக்கா ஆகும்.

ஒத்துக்குறதுக்கு முன்னாடி, ரூட் கெனாலையே பிரிச்சு மறுபடி பண்ண முடியுமா, வேர்ல நெடுக்க விரிசல் இருக்கான்னு கேளுங்க. விரிசல்னா ஆபரேஷன் வேஸ்ட், பெரும்பாலும் பல்லை எடுக்க வேண்டியது தான். முகம் வீங்கி காய்ச்சல் வந்தா மட்டும் வெயிட் பண்ணாம உடனே போயிடுங்க.