படித்தவருக்கு மூன்று ஓட்டு

கேள்வி: பெல்ஜியத்தில் 1894 தேர்தலிலேயே ஓட்டுப்போடுவதைக் கட்டாயமாக்கிவிட்டார்களாம். இங்கும் அப்படிச் செய்தால் படித்தவர்கள் எல்லாரும் வாக்குச்சாவடிக்கு வருவார்கள், நல்லாட்சி மலரும் அல்லவா?

பதில்: கட்டாயம் இருக்கட்டும். ‘படித்தவர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை. நீங்கள் காட்டும் அதே தேர்தலில் படித்தவருக்கு மூன்று ஓட்டு, தெரியுமா?

அதுவரை அங்கே 42 பிராங்குக்கு மேல் நேர்வரி கட்டுகிறவர்தான் வாக்காளர். அறுபது லட்சம் பேர் வாழ்ந்த ராஜ்யத்தில் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப்போட்டவர்கள் சுமார் 1,37,000 பேர். 1893 ஏப்ரலில், ஆண்கள் எல்லாருக்கும் ஓட்டு என்ற யோசனையைச் சபை தள்ளியதும் சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். மோன்ஸ் நகரில் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. ஒரு வாரத்துக்குள் சபை இறங்கி வந்தது.

எப்படி இறங்கி வந்தது? 25 வயதான ஆணுக்கு ஓர் ஓட்டு. 35 வயதாகி, பிள்ளைகுட்டியோடு இருந்து, வீட்டுக்கு 5 பிராங்க் வரி கட்டினால் இன்னொன்று. சொத்து இருந்தாலும் இன்னொன்று. உயர்கல்விப் பட்டம் இருந்தால் கூடுதலாக இரண்டு. என்ன இருந்தாலும் மூன்றுக்கு மேல் கிடையாது. பெண்களுக்கு ஒன்றுமே கிடையாது.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஒரே ஓட்டு உள்ளவர்கள் 8,53,000 பேர். இரண்டோ மூன்றோ உள்ளவர்கள் 5,17,000 பேர். ஆனால் இந்தச் சின்னக் கூட்டத்தின் கையில் 12,57,000 ஓட்டு! நிலக்கரிச் சுரங்கத்தில் நாளெல்லாம் குனிந்து வெட்டியவன் வாக்குச்சாவடியிலும் குனிந்தே நிற்கவேண்டும் என்று சட்டம் போட்டு வைத்தார்கள். அந்த அநியாயம் ஒழிய 1919 ஆயிற்று.

அப்படியிருந்தும் அந்த 1894 தேர்தலில் தொழிலாளர் கட்சி முதன்முறையாக 28 இடங்களைப் பிடித்தது. பெரும்பான்மை கத்தோலிக்கக் கட்சிக்குத்தான், 152-இல் 104. இரண்டு முறை பிரதமராக இருந்த பிரேர்-ஓர்பான், லிபரல் கட்சியின் தூண், லியேஜில் தன் இடத்தையே இழந்தார். எல்லாருக்கும் ஓட்டு கூடாது என்று சொல்லிவந்த மனிதர் அவர்.

படித்தவன் சரியாகத் தேர்ந்தெடுப்பான் என்ற பேச்சோடு எனக்கு முப்பது வருடச் சண்டை. ரயிலில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கே கேட்டாலும் சண்டைதான். எங்கள் அச்சகத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து இருப்பவர், ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மேலே இருக்கும் எண்களை நான் எழுதிக் கொடுத்ததும் புரூஃப் தாளின் ஓரத்தில் பென்சிலால் கூட்டிப் பார்த்தார். “ஐயா, ரெண்டாவது கணக்கு இடிக்குதே” என்றார். இடித்தது. ஓர் எண்ணை நான் மாற்றி எழுதியிருந்தேன். பட்டம் வாங்கிய நான் அதை இரண்டு முறை படித்தும் என் கண்ணில் படவில்லை.

அவருக்கு ஒன்று, எனக்கு மூன்றா? ஒப்பமாட்டேன்.

அப்புறம், நீங்கள் கேட்ட கட்டாயம். போன தேர்தலன்று அந்தப் பெரியவர் காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்று, மை வைத்த விரலோடு வேலைக்கு வந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.