ஸ்வாட் அனாலிசிஸ்ல மழை, ஆள் பஞ்சம் மாதிரி விஷயமெல்லாம் உள் காரணியா, வெளிக் காரணியா?

நீங்க சின்னதா ஏதோ தொழில் வச்சிருக்கீங்க, லோனுக்குன்னு யாரோ நாலு கட்டம் போட்டு நெரப்பச் சொல்லியிருக்காங்க, அப்படித்தான் நெனச்சுக்கறேன். ஸ்ட்ரெங்த் (பலம்), வீக்னெஸ் (பலவீனம்) ரெண்டு கட்டமும் உள்ள இருக்கறது, ஆப்பர்சுனிட்டி (வாய்ப்பு), த்ரெட் (ஆபத்து) ரெண்டும் வெளிய இருந்து வர்றது. மழையும் ஆள் பஞ்சமும்னு சரியா அந்த ரெண்டையும் கேட்டிருக்கீங்க பாருங்க, அதே ரெண்டுலதான் நானும் அசிங்கப்பட்டேன், அதான் ராத்திரி பதினோரு மணிக்கு ஒக்காந்து டைப் பண்ணிக்கிட்டிருக்கேன்.

நான் எம்பிஏ கெடையாது, மொதல்லயே சொல்லிடறேன், படிச்சவங்க வந்து பாடம் எடுக்க வேணாம். காரைக்குடி பக்கம் ஆத்தங்குடி கல்லு, அதாவது தரைக்குப் பதிக்கற சிமெண்ட் டைல்ஸ், போடற பட்டறை எங்களுது, தாத்தா காலத்துல இருந்து. கண்ணாடிய கீழ போட்டு, சுத்தி சட்டம் வச்சு, உள்ள டிசைன் அச்ச எறக்கி, கலர் சிமெண்ட ஒவ்வொரு கட்டமா ஊத்தி, அச்ச எடுத்துட்டு மேல மணலும் சிமெண்டும் போட்டு கட்டறது. சூளை கெடையாது, பாலிஷ் மெஷின் கெடையாது, அந்தப் பளபளப்பு முழுக்க கண்ணாடில இருந்து வர்றது. தண்ணித் தொட்டில ஊறணும், அப்பறம் காயணும். காயாத கல்ல வண்டில ஏத்த முடியாது.

2021 ஐப்பசி கார்த்திகைல பெஞ்ச மழை ஞாபகம் இருக்கும். எங்க பட்டறை முக்காவாசி தெறந்தவெளி, ரெண்டு ஆர்டர் போச்சு, அட்வான்ஸ திருப்பிக் குடுத்தேன். சரின்னு ஷெட் போட லோனுக்குப் போனா ரிப்போர்ட் கேட்டாங்க, எம்பிஏ படிக்கற அக்கா மவன்தான் கட்டம் போட்டுக் குடுத்தான். ஸ்ட்ரெங்த்ல பாரம்பரியம், ஆத்தங்குடி மண்ணு, கைவேலை. வீக்னெஸ்ல "விளம்பரம் கொஞ்சம் கம்மி", அவ்வளவுதான், வேற கொறையே இல்லாத ஆளு நான். த்ரெட்லதான் எடம் பத்தல: மழை, ஆள் கெடைக்கல, குஜராத்து மோர்பில இருந்து வர்ற டைல்ஸ், சிமெண்ட் வெல.

பேங்க்ல ஒரு சின்னப் பொண்ணு, ஆபீசர், அத ரெண்டு தடவ படிச்சுட்டு, "சார், அந்த மாசம் உங்க பக்கத்துப் பட்டறைக்காரரு சரக்கு குடுத்தாரா?"ன்னு கேட்டுச்சு. குடுத்தார். அவருக்கு கூரை இருந்துச்சு. வாயத் தெறக்க முடியல.

எனக்குத் தெரிஞ்ச ஒரே அளவுகோல் அன்னைக்கு அந்தப் பொண்ணு கேட்டதுதான். இதே விஷயம் பக்கத்துப் பட்டறைக்கும் நடந்துச்சா? நடந்துச்சுன்னா வெளி, எனக்கு மட்டும் நடந்துச்சுன்னா உள்ள. மழை வெளி, கூரை இல்லாதது உள்ள, அதனால ஒரே நஷ்டம் ரெண்டு கட்டத்துலயும் எழுத வேண்டி வரும், தப்பில்ல. 2025 செப்டம்பர்ல சிமெண்ட் ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆச்சு, அது வெளிய இருந்து வந்த ஆப்பர்சுனிட்டி, ஆனா பக்கத்துப் பட்டறைக்கும் அதே 18தான், நம்ம சாமர்த்தியம்னு எழுதக் கூடாது. அப்படிப் பாத்தா ஆத்தங்குடி மண்ணும் என் ஸ்ட்ரெங்த் இல்ல, ஊருல எல்லாப் பட்டறைக்கும் அதே மண்ணுதான். இத ஒத்துக்கத்தான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

ஆள் பஞ்சம் கதையும் அதேதான். எங்கப்பா காலத்துல இருந்து கலர் ஊத்துன அண்ணன் ஒருத்தர், அவரு ஊத்துனா கோடு கலங்காது, அதுதான் நெசமான ஸ்ட்ரெங்த். "தம்பி, போன மாச பாக்கி என்னாச்சு?"ன்னு மூணு தடவ கேட்டாரு, நானும் பார்ட்டி பணம் வரட்டும்ணேன்னு மூணு தடவ சொன்னேன், நாலாவது வாரம் வரல. ரெண்டு தெரு தள்ளி இன்னொரு பட்டறைல அதே அச்சு, அதே வேல. அங்க ஆள் பஞ்சம் இல்ல. நான் அத த்ரெட்னு எழுதியிருக்கேன்.

இன்னொன்னு, நகரத்தார் யாரும் கோவிச்சுக்காதீங்க, அந்தக் காலத்துல பர்மாவுல வட்டிக்குப் பணம் குடுத்த இந்தப் பக்கத்துச் செட்டியாருங்களத்தான் சொல்றேன். இங்க எந்தப் பெரிய வீட்டுக்குள்ள போனாலும் பர்மா தேக்கத் தொட்டுக் காட்டி, ஜப்பான்காரன் வந்தான், எல்லாம் போச்சும்பாங்க. 1942ல ஜப்பான் பர்மாவப் புடிச்சது வெளிதான், யாரு தடுக்க முடியும். அதுக்கு முன்னாடியே 1930ல அங்க நெல்லு வெல விழுந்து, இவங்ககிட்ட வாங்குன கடன கட்ட முடியாதவங்க நெலமெல்லாம் இவங்க கைக்கு வந்துருச்சு, அதுவும் வெளி. ஆனா மொதல் பூராத்தையும் ஒரே நாட்டுல வச்சிருந்த குடும்பத்துக்கு அது உள்ள இருந்த ஓட்டை. எல்லாரையும் சொல்லல, அந்தக் காலத்துல நாமளா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்போம்.

கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. கல்ல வாங்கிட்டுப் போயி ஆசிட் ஊத்திக் கழுவறீங்களே, ஏங்க? சிமெண்ட் கல்லுங்க அது. ஆசிட் பட்டா மேல்தோல் போயிடும். சாதாத் தண்ணில தொடச்சு, நாலு வருஷம் காலு பட்டாலே மின்னும், பழைய வீட்டுல எல்லாம் பாக்கலாம். பில்லுலயே பெருசா எழுதிக் குடுக்கறேன், அப்பறமும் போன் போட்டு "உங்க கல்லு வெளுத்துடுச்சு, டூப்ளிகேட்டா?"ன்னா என்ன பண்றது. இத எந்தக் கட்டத்துல போடறதுன்னு எனக்கே இன்னும் தெரியல, அக்கா மவன் பில்லுல எழுதுனா யாரு படிக்கறா மாமா, கல்லு எறக்கும்போதே வாயால சொல்லுன்னான், அப்படின்னா இதுவும் வீக்னெஸ் பக்கம்தான் போகும் போல.

லோன் கெடச்சுதான்னு கேப்பீங்க. கட்டத்த மாத்தி எழுதிக் குடுத்தேன், கேட்டதுல பாதி வந்துச்சு. ஷெட் ஒரு பக்கம் போட்டாச்சு. அந்த அண்ணன் திரும்ப வரல, பாக்கிய வீட்டுக்கே கொண்டு போயி குடுத்தேன், வாங்கிக்கிட்டாரு, காப்பி குடுத்தாரு, வேலையப் பத்தி ரெண்டு பேரும் பேசல.