பானட்டைத் திறந்தால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 2013 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் இருக்கிறது. வேலை விஷயமாக அடிக்கடி ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறுகிறேன். நான்கு பேர் உட்கார்ந்து ஏசியும் போட்டால் கொண்டை ஊசி வளைவுகளில் ஃபர்ஸ்ட் கியர் கேட்கிறது. ஒரு பட்டறையில், 1.3 டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போவை மாட்டித் தருகிறோம் என்கிறார்கள். இன்னொருவர், "பெரிய டர்போவாகவே போட்டுவிடுங்கள், பின்னால் பவரைக் கூட்டிக்கொள்ளலாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– பெயர் வேண்டாம், பொள்ளாச்சி

பதில்: இரண்டாமவரை முதலில் விட்டுவிடுங்கள். டர்போ என்பது இன்ஜினின் புகையால் ஒரு டர்பைனைச் சுழற்றி, அந்தச் சுழற்சியில் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி. உங்கள் 1,197 சிசி இன்ஜினின் முழு டார்க், அதாவது முறுக்கு விசை, 114 நியூட்டன் மீட்டர். அதுவும் 4,000 ஆர்பிஎம்மில்தான் வரும். கொண்டை ஊசியில் திரும்பும்போது இன்ஜின் 1,500-இல் முனகிக்கொண்டிருக்கும். பெரிய டர்பைனைச் சுழற்றும் அளவுக்குப் புகை அப்போது வராது. டர்போ விழித்துக்கொள்ளும் நேரத்தில் நீங்கள் அடுத்த வளைவுக்கு பிரேக் மிதித்துக்கொண்டிருப்பீர்கள். கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவருக்கு அது சரி. நாற்பது கொண்டை ஊசி ஏறுகிறவருக்கு எதற்கு?

டீசல் டர்போ சொல்பவர் விஷயம் தெரிந்தவர்தான். கணக்கைப் பாருங்கள். உங்கள் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்குச் சுமார் 3,600 லிட்டர் காற்று இழுக்கும். டர்போ தரும் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட்; அதை 6 பவுண்டு, அதாவது 0.4 பார் கொடுத்தால் அது 5,000 லிட்டர் காற்றுக்குச் சமம். 1,248 சிசி டீசல் இன்ஜின் 4,000 ஆர்பிஎம்மில் 2,500 லிட்டர்தான் இழுக்கும், ஆனால் அதன் பூஸ்ட் ஒரு பாரையும் தாண்டுவதால் அதுவும் 5,000-ஐத் தொட்டுவிடும். 'அளவு ஒன்றுதானே சார்' என்று அவர் சொல்வது இதை வைத்துத்தான்.

சிக்கல் சூட்டில் இருக்கிறது. மிதித்து ஓட்டும்போது பெட்ரோல் இன்ஜினின் புகை 900 டிகிரியைத் தாண்டிவிடும். டீசல் புகை அந்த அளவுக்குச் சூடாவதில்லை, அந்த டர்போவின் இரும்பும் அந்தச் சூட்டுக்காக வார்த்ததில்லை. தவிர, சூடான புகை அதிக இடம் பிடிக்கும். சின்ன டர்பைன் வழியே வெளியேற முடியாமல் முட்டும். மிஞ்சும் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவுதான் வேஸ்ட்கேட். டீசல் டர்போவில் அதன் துவாரம் சிறியது, முழுதாகத் திறந்தாலும் போதாது. 6 பவுண்டில் நிற்க வேண்டிய பூஸ்ட் 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் தானாக 8, 9 என்று ஏறும். நீங்கள் ஏற்றவில்லை, அதுவாக ஏறுகிறது.

ஏறினால் என்ன? டர்போ இல்லாமல் ஓடுவதற்காகவே கம்ப்ரஷனைத் தூக்கி வைத்த இன்ஜின் உங்களுடையது. 35 டிகிரி காற்றை 0.4 பார் அழுத்தினாலே ஏறக்குறைய 80 டிகிரி ஆகிவிடும். அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் போனால், பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங்தான்: தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கும் சத்தம். முதலில் போவது பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே உள்ள மெல்லிய விளிம்பு. அது துண்டாகப் பெயர்ந்து வந்தால், வெளியே தெரிவது புகையும் கம்ப்ரஷன் இழப்பும் மட்டுமே. இன்ஜினைப் பிரித்தால்தான் காரணம் புரியும்.

ஆகவே, டர்போவைக் கடைசியாக வாங்குங்கள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்தான் ஈசியு. கம்பெனி ஈசியு படிக்கும் காற்றழுத்தம் வெளிக்காற்றின் அளவை ஒட்டித்தான். பூஸ்ட் வந்தால் அதற்கு ஒன்றும் புரியாது, பெட்ரோலைக் கூட்டவும் கூட்டாது. முதல் செலவு டியூன் செய்யக்கூடிய ஈசியு. அப்புறம் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பெரிதாக, டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். அதற்குப் பிறகு பெட்ரோல் காருக்கென்றே செய்த சின்ன டர்போ, 5 அல்லது 6 பவுண்டில் திறக்கும் வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கோடு. பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஆயில் ரிட்டர்ன் பைப் எங்கே இறங்குகிறது?" டர்போவிலிருந்து ஆயில் தன் கனத்தால்தான் கீழே வடியும். பைப் தடிமனாக, வளைந்து மேலேறாமல், இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி, நீலப் புகையாக வரும். 'டர்போ போச்சு' என்று புதிதாக ஒன்றை விற்பார்கள். இந்தக் கேள்விக்குத் தயங்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் பானட்டைத் திறந்து பார்க்காமல் இருப்பாரா?

என் காராக இருந்தால் இதையெல்லாம் செய்யமாட்டேன். ஸ்விஃப்ட்டை விற்றுவிட்டு, 2017-இல் வந்த பலேனோ ஆர்எஸ் நல்ல நிலையில் கிடைத்தால் வாங்குவேன். 998 சிசிதான், ஆனால் கம்பெனியே டர்போ வைத்தது. 150 நியூட்டன் மீட்டர், 1,700 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். மேலே 3,500 அடியில் காற்று பத்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும், அதையும் டர்போ ஈடுகட்டிவிடும்.

கேள்வி: என் ஸ்விஃப்ட் டீசல் 75 பிஎஸ். அதே 1.3 இன்ஜின் எர்டிகாவில் 90 பிஎஸ் தருகிறது. அந்த விஜிடி டர்போவை மட்டும் மாற்றினால் போதுமா?
– ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: போதாது. விஜிடியின் உள்ளே நகரும் இதழ்களை எப்போது எவ்வளவு திருப்ப வேண்டும் என்று ஈசியு சொல்ல வேண்டும். உங்கள் வண்டியில் அந்த ஒயரும் இல்லை, அந்த மேப்பும் இல்லை. இத்தனை பாடுபட்டுக் கிடைப்பது 190-க்குப் பதில் 200 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டி இப்போது மந்தமாகத் தெரிந்தால், முதலில் டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ஹோஸைக் கழற்றி, கிளாம்ப் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். அங்கே ஆயில் கசிந்து கறுத்திருந்தால் பூஸ்ட்டும் அதே வழியாகத்தான் போகிறது.

கேள்வி: டர்போ காரை நிறுத்தியதும் உடனே ஆஃப் செய்யலாமா?
– ஒரு வாசகி, உடுமலை

பதில்: ஊருக்குள் ஓட்டியிருந்தால் தாராளமாக. மலை ஏறியோ ஹைவேயில் விரட்டியோ வந்திருந்தால் கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வாருங்கள், அல்லது ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். கொதிக்கும் பேரிங்கில் ஆயில் ஓட்டம் திடீரென நின்றால் அங்கேயே தீய்ந்து கரியாகும். அதைவிட, ஆயிலைக் குறித்த தேதியில் மாற்றுங்கள்.