ஞாயிறு பூசைக்குப் பாடகர் குழுவை எப்படித் தயார்படுத்துவது?

புதிதாகத் தொடங்கிய பாடகர் குழு, சனிக்கிழமை ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும், எப்படிப் பழகுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில் பாட்டுப் பழக்குகிறேன். ஒரு மணித்தியாலம் தாராளமாகப் போதும். ஆனால் அந்த நேரத்தில் புத்தகத்தைப் புரட்டிப் பாட்டுத் தேடக்கூடாது. அந்த ஞாயிறுக்குரிய பைபிள் வாசகங்களைப் பார்த்து நடுவாரத்திலேயே தெரிவு செய்து, வரிகளையும் மெட்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கிறிஸ்மசுக்கு முந்திய திருவருகைக்கால, ஈஸ்டருக்கு முந்திய தவக்கால ஞாயிறுகளில் வானவர் கீதம் (‘உன்னதங்களிலே’) இல்லை, தவக்காலத்தில் அல்லேலூயாவும் இல்லை என்பதையும் அப்போதே கவனியுங்கள்.

பயிற்சியில் முதலில் பதிலுரைப் பாடலை, அதாவது முதல் வாசகத்துக்குப் பின் சனம் பல்லவியைத் திருப்பிப் பாடும் பாட்டை, எடுங்கள். மற்றப் பாட்டுகள் சனத்துக்குத் தெரிந்தவை. பதிலுரை வாராவாரம் மாறும். பாடகர் ஒருமுறை பாடியதும் கடைசி வாங்கில் இருக்கும் அம்மம்மா திருப்பிப் பாட வேண்டும். மெட்டு அந்த அளவுக்கு எளிதாக இருக்கட்டும்.

அடுத்தது சுருதி. இதைத்தான் பெரும்பாலான குழுக்கள் கவனிப்பதில்லை. நன்றாகப் பாடும் பெண்பிள்ளைக்கு வசதியான சுருதியில் தொடங்கினால், சரணத்தில் ஆண்களும் வயதானவர்களும் வாயை மூடிவிடுவார்கள். கோயிலில் குழு மட்டும் பாடுவது பூசைக்கு அழகல்ல. சனம் பாடத்தான் நாங்கள் பாடுகிறோம். பாட்டின் உச்ச ஸ்வரம் மேல் டி-யைத் தாண்டினால் கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் அழுத்தி ஒன்றோ இரண்டோ இறக்குங்கள். குழுவில் இல்லாத யாராவது ஓர் ஐயாவைக் கூடப் பாடச் சொல்லிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

முழுப் பாட்டையும் திரும்பத் திரும்பப் பாடி நேரத்தைக் கரைக்க வேண்டாம். தொடக்கம், சரணத்திலிருந்து பல்லவிக்குத் திரும்பும் இடம், முடிவு, இந்த மூன்றையும் பழகினால் போதும். கடைசியில் கீபோர்டை நிறுத்திவிட்டு ஒரு பாட்டுப் பாடுங்கள். பூசை நடுவில் கரண்ட் போனாலும் பிள்ளைகள் தடுமாறமாட்டார்கள்.

எங்கள் பக்கத்துக்கென்று இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைகள் தூரத்திலிருந்து சைக்கிளில் வருகிறார்கள். சில ஊர்களில் பொழுதுபட்டால் யானை றோட்டுக்கு வந்துவிடும். ஆகவே பின்நேரம் வெள்ளனவே தொடங்கி, இருட்ட முன் அனுப்பிவிடுங்கள். அரிவு வெட்டுக் காலத்தில் பாதிப்பேர் வயலில் நிற்பார்கள்; மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழாவுக்கும் பலர் போய்விடுவார்கள். ஒவ்வொரு பாட்டையும் தொடங்கிக் கொடுக்க இரண்டு பேராவது இருக்க வேண்டும்.

ஞாயிறு காலை அரை மணித்தியாலம் முந்தி வந்து மைக்கைச் சரிபாருங்கள். சுவாமி அடுத்த கிளை ஆலயத்துக்கு ஓட வேண்டியிருக்கும், எனவே நற்கருணை கொடுக்கும்போது பாடும் நன்மைப் பாட்டில் எத்தனை சரணம் என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் சனத்துக்குப் பதிலுரையை இரண்டு தரம் சொல்லிக் கொடுத்துவிட்டு, மணி அடிக்கும்வரை மைக்கை நிறுத்திவையுங்கள்.