ராவின் உண்மைப் பெயர் எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்டைய எகிப்தின் தலைமைத் தெய்வம் சூரியக் கடவுள் ரா என்று படித்தேன். ஆனால் ஓரிடத்தில் ஆமூன்-ரா, இன்னோரிடத்தில் ரா-ஹோராக்தி, வேறிடத்தில் ஆத்தன் என்று வருகிறது. "காலையில் கெப்ரி, நண்பகலில் ரா, மாலையில் ஆத்தும், ஆக எல்லாம் ஒருவரே" என்ற விளக்கத்தோடு ஒரு கட்டுரை முடிந்துவிட்டது. அப்படியானால் வல்லூறுத் தலையோடு நிற்பவர் ஹோரஸா, ராவா? ஆத்தன் வழிபாட்டைக் கொண்டுவந்த அரசர் ஆகெனாத்தன் ராவை ஒழித்தாரா? ரா என்பதற்கும் நம் 'ரவி'க்கும் உறவுண்டா?

ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். உறவில்லை. எகிப்திய எழுத்தில் உயிரொலிகளை எழுதுவதில்லை. இந்தப் பெயரில் நமக்குக் கிடைப்பவை இரண்டு மெய்கள்: ஒரு 'ர்', அதன்பின் அரபியின் 'அய்ன்' போலத் தொண்டையில் எழும் ஒன்று. எகிப்திய மொழியின் பிற்கால வடிவமான கோப்டிக்கில் அது 'ரே' ஆனது. சிலர் ரா என்றும் சிலர் ரே என்றும் எழுதுவது இதனால்தான். எகிப்திய மொழியில் சூரியனைக் குறிக்கும் அன்றாடச் சொல்லும் இதுவே. இரண்டு ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாடினால், தமிழில் 'இரா' இரவைக் குறிப்பதற்கும் ஒரு காரணம் தேட வேண்டிவரும்.

வல்லூறு யார் என்று அறிய முகத்தைப் பார்த்துப் பயனில்லை. தலைக்கு மேல் பாருங்கள். நாகம் சுற்றிய சூரிய வட்டு இருந்தால் ரா-ஹோராக்தி. அதே தலையில் மேல் எகிப்து, கீழ் எகிப்து இரண்டுக்குமான இரட்டை மகுடம் இருந்தால் பெரும்பாலும் ஹோரஸ். வட்டோடு இரண்டு நெடிய இறகுகள் நின்றால் தீப்ஸ் வட்டாரத்துப் போர்த்தெய்வம் மோந்து. பிறையின் மேல் வட்டு அமர்ந்திருந்தால் அது சூரியனே அல்ல, நிலவு, அவர் கோன்சு. மனித முகத்தோடு இரட்டை மகுடம் ஆத்துமுக்கும், மனித முகத்தோடு இரட்டை இறகு தீப்ஸின் பெருந்தெய்வம் ஆமூனுக்கும் உரியவை. சாணவண்டு என்றால் கெப்ரி. பலர் சறுக்குவது இரவுக் காட்சிகளில்தான். பாதாளத்தில் படகேறிப் போகும் ரா செம்மறிக்கடாத் தலையோடு வருவார். அவரைக் கடாத் தலையுள்ள வேறொரு தெய்வமான க்னூம் என்று குறித்துவிடுகிறார்கள். எகிப்திய ஓவியர்கள் மகுடங்களைத் தாராளமாக மாற்றிப் போட்டிருப்பதால், ஐயம் எழுந்தால் உருவத்தின் அருகே எழுதியிருக்கும் பெயரே தீர்ப்பு.

இனி அந்த இரட்டைப் பெயர்கள். "இரு தெய்வங்கள் ஒன்றாகிவிட்டன" என்று அவற்றை வாசிப்பதுதான் குழப்பத்தின் வேர். அவர்கள் ஒன்றாகவில்லை. ஒருவருக்குள் ஒருவர் தங்குகிறார், பிறகு கிளம்பியும் விடுகிறார். அபு சிம்பெல் பெரிய கோயிலின் கருவறைப் பின்சுவரில் நால்வர் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள்: ப்தா, ஆமூன்-ரா, அரசர் இரண்டாம் ராம்செஸ், ரா-ஹோராக்தி. ரா ஆமூனோடு முழுக்கக் கரைந்துவிட்டிருந்தால் அதே வரிசையில் அவருக்குத் தனி இருக்கை எதற்கு? அந்தக் கோயிலின் வாசலுக்கு மேலுள்ள மாடத்தில் நிற்கும் ரா-ஹோராக்தியையும் விட்டுவிடாதீர்கள். அவருக்கு ஒரு புறம் 'வுசெர்' என்று வாசிக்கப்படும் கோல், மறுபுறம் உண்மைக்கும் ஒழுங்குக்கும் உரிய மாஆத் தேவியின் சிற்றுருவம். மூன்றையும் சேர்த்து வாசித்தால் வுசெர்-மாஆத்-ரா, அதாவது ராம்செஸின் முடிசூட்டுப் பெயர். தெய்வத்தின் சிலையே அரசருடைய பெயரின் எழுத்தாகிவிட்டது. இப்படியொரு சாதுரியமான தற்பெருமை அந்த அரசருக்கே கைவரும்.

தங்கலும் கிளம்பலும் எப்படி நடக்கின்றன என்பதற்கு ராம்செஸின் அரசி நெஃபெர்தாரியின் கல்லறையில் ஒரு படம் இருக்கிறது. மம்மியின் உடல், கடாத் தலை, அதன்மேல் சூரிய வட்டு. இருபுறமும் ஐசிஸ், நெஃப்திஸ் என்னும் சகோதரித் தெய்வங்கள் தாங்கி நிற்கிறார்கள். ஒரு பக்கத்தில் "ராவில் ஓய்வது ஒசைரிஸ்" என்றும் மறுபக்கத்தில் "ஒசைரிஸில் ஓய்வது ரா" என்றும் எழுதியிருக்கிறது. ஒசைரிஸ் பாதாளத்தின் அரசர். இந்த ஓய்வுக்குக் கால வரையறை உண்டு. அரசர் மூன்றாம் தட்மோஸின் கல்லறைச் சுவர்களில் முழுமையாக உள்ள 'ஆம்துவாத்' என்னும் பாதாளப் பயண நூல் இரவின் 12 மணிகளையும் வரிசையாகக் காட்டுகிறது. ஆறாம் மணியில், ஆழத்தின் ஆழத்தில், சூரியன் தன் உடலோடு, அதாவது ஒசைரிஸோடு, சேர்கிறது. ஏழாம் மணியில் அபெப் என்னும் பாம்பு வழிமறிக்கிறது. பன்னிரண்டாம் மணியில் படகை ஒரு பெரும்பாம்பின் வால் வழியாக உள்ளே இழுத்து வாய் வழியாக வெளியே கொண்டுவருகிறார்கள். கிழவராக நுழைந்த ரா, கெப்ரியாக வெளிவருகிறார். ஒசைரிஸ் வெளியே வருவதில்லை. அவருடைய உடல் படத்தின் கோடியிலுள்ள வளைந்த எல்லையில் சாய்ந்தபடி பாதாளத்திலேயே தங்கிவிடுகிறது. நிரந்தரமாக ஒன்றிவிட்டால் மறுநாள் விடியல் ஏது?

ஆகெனாத்தன் ராவை ஒழிக்கவில்லை. அவர் ஒழிக்கப் பார்த்தது ஆமூனை. ஆமூன் என்ற பெயரைக் கல்வெட்டுகளில் தேடித் தேடிக் கொத்தி எடுத்தார்கள். ராவின் பெயர் தப்பியதோடு நிற்கவில்லை, அரசரின் முடிசூட்டுப் பெயரிலேயே இருமுறை இருந்தது: நெஃபெர்கெப்பெரூரே வாஎன்ரே. அவர் போற்றிய சூரிய வட்டான ஆத்தனுக்கு முதலில் சூட்டிய முழுப்பெயர் "அடிவானில் மகிழும் ரா-ஹோராக்தி, ஆத்தனில் உறையும் ஷூ என்ற தன் பெயரில்" என்று, அரசர்களுக்கு எழுதுவதுபோல் இரண்டு கார்ட்டூஷ் வளையங்களுக்குள் எழுதப்பட்டது. பின்னாளில் அதைத் திருத்தியபோது ஹோராக்தியையும் காற்றுத் தெய்வமான ஷூவையும் எடுத்துவிட்டு ராவை மட்டும் விட்டுவைத்தார்கள். அவர் தலைநகராக எழுப்பிய அமர்னாவின் எல்லைக் கல்வெட்டுகளில், சூரிய வழிபாட்டு நகரான ஹெலியோபோலிஸில் ராவுக்கு உரியதாகப் போற்றப்பட்ட மினெவிஸ் காளையையும் புதுத் தலைநகரின் கிழக்கு மலையில் புதைக்கும்படி கட்டளை இருக்கிறது. ராவை வெறுத்தவர் அவருடைய காளைக்குக் கல்லறை ஒதுக்கியிருக்க மாட்டார்.

கடைசியாக, நீங்கள் கண்ட அந்த "காலையில் கெப்ரி" விளக்கம். எல்லாக் கட்டுரைகளிலும் வரும் வரி. ஆனால் அது எந்தச் சூழலில் வருகிறது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. டூரின் அருங்காட்சியகத்தில் உள்ள, 19-ஆம் வம்சக் காலத்துப் பாப்பிரஸ் சுவடி ஒன்றில் அது இருக்கிறது. முதுமையில் ராவின் வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறது. ஐசிஸ் அதை மண்ணோடு பிசைந்து பாம்பாக்கி அவர் நடந்து போகும் வழியில் போட்டுவைக்கிறாள். கடிபட்ட ராவிடம், "உம் பெயரைச் சொல்லும், விஷத்தை இறக்குகிறேன்" என்கிறாள். அவர் வானையும் மண்ணையும் படைத்த பெருமைகளையெல்லாம் அடுக்கிவிட்டு, "காலையில் நான் கெப்ரி, நண்பகலில் ரா, மாலையில் ஆத்தும்" என்கிறார். விஷம் இறங்கவில்லை. "நீர் சொன்னவற்றில் உம் பெயர் இல்லையே" என்கிறாள் அவள். ஆக, இன்று முழு விளக்கமாக மேற்கோள் காட்டப்படும் வரி, மூலத்தில் உண்மைப் பெயரைச் சொல்லாமல் நழுவப் பார்த்த பதில்! வலி தாங்காமல் இறுதியில் அவர் அந்தப் பெயரைத் தன் உடலிலிருந்து அவள் உடலுக்குக் கடத்துகிறார். பாப்பிரஸில் அது எழுதப்படவில்லை.

எழுதியிருப்பது மருத்துவக் குறிப்பு. இது தேள்கடி மந்திரம். ஆத்தும், ஹோரஸ், ஐசிஸ் உருவங்களைக் கடிபட்டவரின் கையில் வரைந்து, இந்தக் கதையை ஓதி, கடிபட்டவரே அந்த வரைவை நக்கிவிட வேண்டும். மெல்லிய லினன் துணியில் வரைந்து தொண்டையிலும் வைக்கலாம். 'தேள் பூண்டு' என்னும் மூலிகையை அரைத்துப் பீரிலோ ஒயினிலோ கலந்து குடிக்கக் கொடுக்க வேண்டும்.