தெரு முனையில் நிற்கும் நாய்கள்: வாசகர் கேள்வி – பதில்

(கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், இப்பகுதி அரசு கால்நடை மருந்தகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவர்.)

டாக்டர் அம்மா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். காலை 5 மணிக்கு எங்கள் பொமரேனியனை அழைத்துக்கொண்டு கிளம்பினால், தெரு முனையில் நான்கைந்து நாய்கள் வழிமறிக்கின்றன. போன வாரம் ஒன்று பாய்ந்து எங்கள் நாயின் தொடையைக் கவ்விவிட்டது. நல்லவேளையாகக் கொத்து முடியோடு போயிற்று. கையில் தடி எடுத்துக்கொண்டு போகலாமா?
– வாசகர், பழையபேட்டை, கிருஷ்ணகிரி

ஐயா, முதலில் நேரத்தை மாற்றுங்கள். 5 மணிக்குத் தெரு அந்த நாய்களுடையது. இரவெல்லாம் காவல் சுற்றிய கூட்டம் இன்னும் கலையாமல், முழு விழிப்போடு இருக்கும் நேரம் அது. பால்காரர் வந்து, வாசல் தெளித்து, டீக்கடையில் ஆள் சேர்ந்த பிறகு பாருங்கள். ஆறரை, ஏழு மணிக்கு அதே நாய்கள் காருக்கு அடியிலும் கடைப் படியிலும் சுருண்டு படுத்துவிடும். வெயில் ஏறுவதற்குள் தாராளமாகத் திரும்பிவிடலாம். ஞாயிறு காலையில் மட்டும் கறிக்கடை இருக்கும் தெருப் பக்கமே போக வேண்டாம். எலும்புக்குக் காத்திருக்கும் நாய், கூடப் பிறந்ததையே கடிக்கும்.

நான்கைந்தும் சேர்ந்து பாய்வதாகத்தான் நமக்குத் தோன்றும். உற்றுப் பார்த்தால், தொடங்கி வைப்பது ஒன்றுதான் என்பது தெரியும். பெரும்பாலும் மணல் குவியல் மீதோ திண்ணை மீதோ சற்று உயரத்தில் நிற்கும். வாய் மூடியிருக்கும். வால் செங்குத்தாக நின்று, நுனி மட்டும் விறைப்பாக ஆடும். பிடரியிலிருந்து வால் அடிவரை முடி சிலிர்த்திருக்கும். கண் உங்கள் நாயை விட்டு அகலாது. அடி மெதுவாக வைத்து வரும். முன்னும் பின்னும் ஓடிக் குரைக்கிற நாயைவிட, சத்தமே போடாமல் இப்படி வருகிற நாய்க்குத்தான் நான் அஞ்சுவேன். உடம்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் சுற்றி வருகிற நாய் பெரும்பாலும் மோந்து பார்க்கத்தான் வருகிறது.

அந்தத் தலைவனை உங்கள் நாய் பார்ப்பதற்கு முன்பே நீங்கள் பார்த்துவிட வேண்டும். எல்லாம் இதில்தான் இருக்கிறது. 50 அடி தூரத்தில் கண்டுகொண்டால் எதிர்ச்சாரிக்கு மாறலாம், நிறுத்தியிருக்கும் வேனுக்குப் பின்னால் ஒதுங்கலாம், வந்த வழியே திரும்பலாம். 5 அடியில் கண்டால் செய்வதற்கு எதுவும் மிச்சமிருக்காது. ஆகவே நடக்கும்போது கைபேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். திரும்பும்போது ஓடாதீர்கள், முழு முதுகையும் காட்டாதீர்கள். பக்கவாட்டில் நடந்தபடியே விலகுங்கள். தெரு நாய்க்கு எல்லைதான் முக்கியம். எல்லையைத் தாண்டிவிட்டால் பெரும்பாலானவை நின்றுவிடும்.

கயிறு இன்னொரு விஷயம். பயத்தில் எல்லோரும் கயிற்றைச் சுண்டி இழுத்துப் பிடிக்கிறார்கள். அப்போது உங்கள் நாயின் முன்கால்கள் எழும்பி, மார்பு முன்னுக்கு வந்து, கழுத்து விறைக்கிறது. எதிரே நிற்கும் நாய்க்கு, அது சண்டைக்கு வருவதாகவே தெரியும். ஆறடிக் கயிறு போதும். சற்றே தொய்வாகப் பிடியுங்கள். பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் கயிறு வேண்டவே வேண்டாம். பொமரேனியனின் கழுத்து முடி அடர்த்தியானது என்பதால் பட்டை தளர்வாகவே மாட்டப்பட்டு, ஆபத்து நேரத்தில் தலைவழியே கழன்றுவிடும். மார்பைச் சுற்றி மாட்டும், முதுகில் கைப்பிடி வைத்த பட்டை (ஹார்னஸ்) வாங்கிப் போடுங்கள். ஒரே பிடியில் தூக்கிவிடலாம்.

தூக்குவதாக இருந்தால் எதிர் நாய் தூரத்தில் இருக்கும்போதே தூக்க வேண்டும். காலடிக்கு வந்த பிறகு தூக்கினால், அது உங்கள் கைக்கும் முகத்துக்கும் எம்பும். தூக்கியவுடன் நெஞ்சோடு அணைத்து, சுவரை ஒட்டித் திரும்பி நில்லுங்கள். பக்கத்தில் திண்ணை இருந்தால் ஏறிவிடுங்கள்.

இப்போது தடிக்கு வருகிறேன். தடி வேண்டாம் ஐயா, குடை எடுத்துக்கொள்ளுங்கள். ஓங்கிய தடியைப் பார்த்துச் சில நாய்கள் ஓடும். சில நாய்கள் அதையே காரணமாக்கிப் பாயும். சட்டென்று விரிந்த குடை, உங்கள் நாயை அவற்றின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். வீட்டிலேயே நாலு நாள் விரித்து மடக்கிப் பழக்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் நாயே மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். கல் எடுப்பதுபோலக் குனிந்தால் நம் ஊர் நாய்கள் பின்வாங்கும். குனிவதோடு நிறுத்துங்கள், எறியாதீர்கள். அடிபட்ட நாய் நாளைக்கும் அதே முனையில்தான் இருக்கும். உங்களை நன்றாக நினைவும் வைத்திருக்கும்.

அந்தக் கூட்டத்துக்குச் சோறு வைக்கும் ஒருவர் உங்கள் தெருவில் நிச்சயம் இருப்பார். மாலையில் உங்கள் நாயை வீட்டில் விட்டுவிட்டு அவரோடு போய் நில்லுங்கள். உங்கள் கையாலும் இரண்டு பொரை போடுங்கள். உங்கள் வாசனை அவற்றுக்குப் பழகிவிட்டால், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். புரட்டாசியிலிருந்து மார்கழி வரை இணை சேரும் காலம். அதற்கு 63 நாள் கழித்துக் குட்டி ஈன்ற தாய்கள் சாக்கடை ஓரமெல்லாம் காவல் இருக்கும். அந்த மாதங்களில் வழியையே மாற்றுவது நல்லது.

நாய்கள் கட்டிப் புரண்டுவிட்டால் எப்படிப் பிரிப்பது? என் தம்பி நடுவில் கையை விட்டுக் கட்டைவிரலில் கடி வாங்கிவிட்டான். எங்கள் நாய்தான் கடித்தது என்பதால் ஊசி போடவில்லை.
– வாசகி, தருமபுரி

அம்மா, பிரிப்பதைப் பிறகு படியுங்கள். தம்பியை இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். சண்டையில் எந்தப் பல் பட்டது என்று எவராலும் சொல்ல முடியாது. எதிர் நாயின் எச்சில் உங்கள் நாயின் வாயிலும் இருந்திருக்கும். ரேபிஸ் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. வராமல் தடுக்க மட்டுமே முடியும். அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். நாளாகிவிட்டது என்று தயங்க வேண்டாம். கடிபட்டவுடன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதும் ஊசிக்குச் சமமான முக்கியம். காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (உடனடிப் பாதுகாப்புத் தரும் எதிர்ப்பொருள் மருந்து) போட வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

பிரிக்கும்போது கழுத்துப் பக்கம் கையே போகக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசுவது எளிது, பல நேரம் அதுவே போதும். தண்ணீர் இல்லையென்றால் துண்டு, சாக்கு, சட்டை எதையாவது கடிக்கும் நாயின் தலைமேல் போட்டு மூடுங்கள். இரண்டு ஆட்கள் இருந்தால், ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களை ஒரே நேரத்தில் தூக்கிப் பின்னோக்கி நடக்கலாம். வளைந்து கடிக்காதபடி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். தெரு நாயிடம் இதைத் தனி ஆளாகச் செய்யாதீர்கள். பல் இறங்கியிருக்கும்போது இழுத்தால் சதை கிழியும். பிடி தளரும் வரை காத்திருந்து, தளர்ந்ததும் பிரித்துவிடுங்கள். கத்துவது உதவாது. நீங்கள் கத்தக் கத்த அவற்றுக்கு வெறி ஏறும்.

தோட்டத்துச் சாலையில் என் கோம்பை நாயை நடத்திப் போகிறேன். பக்கத்து மாந்தோப்புக் காவல் நாயை அவிழ்த்தே விட்டிருக்கிறார்கள். கேட்டால், 'அது ஒன்றும் செய்யாது' என்கிறார்கள்.
– வாசகர், காவேரிப்பட்டினம்

'ஒன்றும் செய்யாது' என்ற சொல்லை நம்பி மருந்தகத்துக்குத் தூக்கி வரப்பட்ட நாய்களை நான் நிறையத் தைத்திருக்கிறேன். அது அவர்களுக்கு ஒன்றும் செய்யாது, அவ்வளவுதான்.

தோப்பு குத்தகைக்கு விடப்பட்டிருந்தால், நில உரிமையாளரிடம் பேசிப் பயனில்லை. பெங்களூரா ரக மாங்காய்க் காய்ப்பு முடியும் வரை குடிசையில் தங்கியிருக்கும் காவல்காரரிடம் பேசுங்கள். நாய் அவருடையதாகத்தான் இருக்கும். சாலையோரம் விட்டுத் தோப்பின் உள்பக்கம் கட்டச் சொல்லுங்கள். நீங்கள் போகும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். அந்த அரை மணி நேரம் கட்டி வைக்க எந்தக் காவல்காரரும் மறுக்க மாட்டார். அதன் பிறகும் அவிழ்த்து விட்டால் சட்டம் இருக்கிறது. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வரலாம் என்ற நிலையில் கவனக்குறைவாக இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கோம்பையும் சாதுவான இனம் அல்ல. அதன் கயிறும் உங்கள் கையை விட்டு நழுவக் கூடாது.

தெரு நாய்களைப் பிடித்துக்கொண்டு போகும்படி நகராட்சியிடம் சொல்ல முடியாதா?
– வாசகர், தருமபுரி

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் 'எல்லா நாயையும் பிடியுங்கள்' என்ற மனுவுக்குப் பலன் இருக்காது. 2023ஆம் ஆண்டின் விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 அன்று இதையே சொல்லி, ரேபிஸ் கண்டதாகச் சந்தேகப்படும் நாய்க்கும் மூர்க்கமாகத் தாக்கும் நாய்க்கும் விலக்கு அளித்தது. அவற்றைத் திரும்ப விடக் கூடாது. ஆகவே நகராட்சி ஆணையருக்கு எழுதும்போது எந்த நாய், என்ன நிறம், எந்த முனை, யாரை எந்தத் தேதியில் கடித்தது என்று எழுதி, சிகிச்சைச் சீட்டின் நகலையும் இணையுங்கள். கடிக்காத நாய்களுக்குக் கருத்தடை கேளுங்கள். தெருவில் பெட்டை நாய் பருவத்துக்கு வராவிட்டால், கடுவன்களின் சண்டையும் அடங்கும்.

எங்கள் நாயைத் தெரு நாய் கடித்து மூன்று நாள் ஆகிறது. இடுப்பில் இரண்டு சிறு துளைகள்தான். மஞ்சள் வைத்தோம். இப்போது வீங்கிச் சுடுகிறது, சாப்பிட மறுக்கிறது.
– வாசகி, பாலக்கோடு

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே இவருடன் தொலைபேசியில் பேசி, நாயைக் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே சொல்கிறேன்.

நாய்க்கடியில் தோலில் தெரிவது கொஞ்சம்தான். பெரிய நாய் கவ்விப் பிடித்து உதறும்போது பல் ஒரே இடத்தில் நிற்க, தோல் மட்டும் அடியிலுள்ள தசையை விட்டுக் கழன்று நகர்கிறது. என்னிடம் வந்த ஒரு குட்டை நாய்க்கு முதுகில் இரண்டே துளைகள், மிளகு அளவு. முடியை மழித்துவிட்டு ஒரு துளை வழியாக மழுங்கிய கருவியை உள்ளே விட்டேன். தடையே இல்லாமல் மறு விலா வரை போயிற்று. தோலுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பை. அதற்குள் நசுங்கிக் கறுத்த தசை, முடி, மண். மேல் துளை இரண்டும் காய்ந்து மூடிக்கொண்டதால் சீழ் வெளியேற வழியில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் காப்பித்தூளும் இப்படித்தான் வாயை அடைத்துவிடும். மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்; தயவுசெய்து வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. கையுறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொண்டு, சுற்றிலும் ஒட்டியிருக்கும் எச்சிலோடு சேர்த்து சோப்பால் கழுவுங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வேகமாக இருந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. மார்பிலோ வயிற்றிலோ உள்ளே அடிபட்டிருக்கலாம். நமக்கு வாங்கிய வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபன் நாய்க்கு விஷம். ஈ மொய்க்காமல் பாருங்கள், புழு வைத்துவிடும்.

ஏற்கெனவே ஆண்டுதோறும் ரேபிஸ் ஊசி போட்ட நாயாக இருந்தாலும் கடிபட்டவுடன் ஒன்று போட வேண்டும். போடாத நாய்க்கு 0, 3, 7, 14, 28ஆம் நாள்களில் ஐந்து ஊசிகள். இதுவரை போடாதவர்கள் ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாள்களில் அரசு கால்நடை மருத்துவமனைகளில் நடக்கும் இலவச முகாமைத் தவறவிடாதீர்கள்.

மிளகு ஸ்பிரே வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஊத்தங்கரை

வேண்டாம். காற்று திரும்பினால் உங்கள் கண்ணும் உங்கள் நாயின் கண்ணும்தான் முதலில் எரியும். குடையே போதும்.

தாக்குதலுக்குப் பிறகு எங்கள் லேப்ரடார் வாசற்படியைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. இழுத்துப் போனால் தரையில் படுத்துவிடுகிறது.
– வாசகி, ஓசூர்

இழுக்காதீர்கள் அம்மா. அந்த நாய்க்குத் தெரு என்றாலே வலி என்று பதிந்திருக்கிறது. இழுக்க இழுக்க அது இன்னும் ஆழமாகப் பதியும்.

சில நாளைக்கு நடையையே விட்டுவிடுங்கள். வாசலுக்கு உள்ளே நின்று, அதற்குப் பிடித்ததைக் கையில் வைத்துக் கொடுங்கள். வேகவைத்த கோழித் துண்டு என்றால் எந்த லேப்ரடாரும் மறுக்காது. பிறகு படியில், பிறகு கேட்டுக்கு வெளியே இரண்டடி. அது பின்வாங்கினால் நீங்களும் பின்வாங்குங்கள். கடிபட்ட முனையை இப்போதைக்கு மறந்துவிட்டு, எதிர்த் திசையில் நடந்து பழக்குங்கள். தூரத்தில் வேறு நாய் தெரிந்தால், உங்கள் நாய் அதைப் பார்த்த கணமே ஒரு துண்டு கொடுத்துத் திருப்புங்கள். குரைத்த பிறகு கொடுத்துப் பயனில்லை. அமைதியான ஒரு நண்பரின் நாயோடு சேர்ந்து, இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடப்பதும் நல்ல மருந்து.

சில வாரம் இப்படிச் செய்தும் படுத்துவிடுகிறது என்றால், பயம் மட்டும் காரணமாக இருக்காது. லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டு எளிதில் கெடும். அன்று புரண்டதில் அது பிசகியிருக்கலாம். எழும்போது பின்னங்காலை இழுக்கிறதா, படியேறத் தயங்குகிறதா என்று கவனித்து, ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.